கறுப்புக் குஞ்சுகளுக்குள் ஒளிந்திருந்த நிறம்

போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காலியான போலிஸ்திரின் மீன் பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற அவற்றிலிருந்து சூடும் ஈரமும் கலந்த ஒரு வாசனை கிளம்பியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அது மீன் நாற்றம். எனக்கோ கோழிக்குஞ்சு வாசனை. மீன்காரர் ஏதோ கேட்டார். நான் எங்கேயோ இருந்தேன். திடுக்கிட்டுப்போய், "பொரிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"வெட்டித்தான் குடுப்பேன். பொரிக்கிறதெல்லாம் நீங்க வீட்டுல போய்ப் பொரிச்சுக்கங்கக்கா" என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கெம்போங் மீனை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆனால் அந்த வாசனை காருக்குள்ளும் கூடவே வந்தது.

எனக்குக் கோழி பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழம்பில் பிடிக்கும். உயிரோடு, அலகோடு, அந்த வட்டக் கண்ணோடு எதிரே வந்தால் பிடிக்காது. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான் நான். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓர் அடைக்கோழி என்னைத் துரத்திவந்து முழங்காலில் கொத்தியதோடு எங்கள் உறவு முறிந்துவிட்டது. அங்கே திரிந்த கோழிகள் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோழியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாருக்கு நேரம் இருந்தது? அப்படிப்பட்டவள் பிற்காலத்தில், ஒரு குஞ்சு இன்ன நிறத்தில் பிறக்க வேண்டுமே என்று புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் வீட்டில் சாமி விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிக்கிறார்.

என் தம்பி குணா சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்தான். ஜொகூரில் வீடு, காலையில் பாலம் தாண்டிப் போய் மாலையில் திரும்புகிற பிழைப்பு. அவன் கல்யாணம் முறிந்தது. யார் மேல் தப்பு என்பதை இங்கே எழுதப் போவதில்லை, எனக்கே முழுதாகத் தெரியாது. ஒரு மாலையில் ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றான். பின் அறைக்குள் போனவன் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். தட்டில் சோறு வைத்தால் பாதி அப்படியே திரும்பும். கேட்டதற்கெல்லாம் "ம்" என்பதுதான் பதில். தாடி வளர்ந்தது. துணி மாற்றவில்லை.

நான் அப்போது பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்து ஆபீஸில் வேலை செய்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் காது கொடுத்துக் கேட்பது அவன் அறையில் ஃபேன் ஓடுகிறதா என்பதைத்தான். எதை நினைத்துப் பயந்தேன் என்பதை வாய்விட்டுச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர், "ஆம்பளப் புள்ள, தானா சரியாயிடுவான்லா" என்று தைரியம் சொல்வார். சொல்லிவிட்டு அவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு பண்ணைக்குத் தீவனம் இறக்கப் போனார். பண்ணைக்காரர் ஆசைக்கு வளர்த்த பறவைகளையெல்லாம் ஒழித்துக்கொண்டிருந்தாராம். மிஞ்சிய ஒரு சேவலைக் காலைக் கட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு, இவர் கையில் சும்மாவே கொடுத்துவிட்டார். "நாளைக்கு நாட்டுக்கோழி ரசம்" என்று இவர் பெட்டியைச் சமையலறைக்கு வெளியே வைத்தார். நான் மிளகை எடுத்து வைத்தேன்.

காலையில் அந்தச் சேவல் கூவியது. எங்கள் தாமான் குடியிருப்பில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. பின் அறைக் கதவு திறந்தது. குணா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் கத்தியோடு வந்து நின்றார்.

"அத்தான், இத அறுக்காதீங்க."

"ஏன்டா?"

"இந்தக் கலர் கெடைக்காது, அத்தான்."

அன்றைக்குத்தான் நானும் அதன் நிறத்தைப் பார்த்தேன். அடுப்புச் சாம்பலில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் குழைத்த மாதிரி ஒரு நிறம். கழுத்திலிருந்து வால் வரை ஒரே சீராக இருந்தது. ஒரு புள்ளி இல்லை, கோடு இல்லை. அதன் மேல் சிவப்புக் கொண்டை. வால் இறகு மட்டும் ஓரமெல்லாம் பிசிறி, தேய்ந்த விளக்குமாறு மாதிரி இருந்தது. அந்த நிறத்தோடு கூடவே வருகிற குறை அது என்று பிற்பாடு குணா சொன்னான். அதற்கு 'லெவெண்டர்' என்று பெயராம்.

ரசத்துக்கு நாக்கைத் தீட்டி வைத்திருந்த மனிதர் உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சரிடா மாப்ள, நீயே வெச்சுக்க. ஆனா விடியறதுக்கு முந்திக் கத்துச்சுன்னா நீதான் போய் அது வாய மூடணும்."

தம்பியின் வாயிலிருந்து இரண்டு முழு வாக்கியம் வந்துவிட்டது. மிளகை எடுத்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டினேன். பாதி தரையில் போனது.

எங்களுடையது வரிசையில் கடைசி வீடு. பின்னால் கொஞ்சம் மண் தரை, அதற்கப்பால் பெரிய கால்வாய். அங்கே குணா கம்பியைப் பற்றவைத்துக் கூடு கட்டினான். அதே நிறத்தில் பெட்டைக்கு எங்கெங்கோ விசாரித்தும் கிடைக்கவில்லை. கடைசியில் நல்ல கறுப்பாக இரண்டு பெட்டைகளை வாங்கி வந்தான். அதில் ஒன்று அடை உட்கார்ந்தது. மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகள் வந்தன. எல்லாமே கறுப்பு. வயிற்றில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. சாம்பல் மருந்துக்குக்கூட இல்லை.

"இதுக்கா இவ்வளவு பாடு? கறுப்புக் கோழிதான் வேணும்னா பாசார்லயே வாங்கியிருக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் அறைக்குள் போய்விடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் சிரித்தான்.

"இதுங்க உள்ளுக்குள்ள அந்தக் கலர் இருக்குக்கா. கறுப்பு மூடியிருக்கு, அவ்வளவுதான். பெட்டைங்க பெருசானதும் அப்பன் சேவலோட சேத்தா, வர்ற குஞ்சுல பாதி சாம்பலா வரும்."

"யாரு சொன்னா?"

"யூடியூப்லா. கெடாவுல ஒருத்தரு செஞ்சு காட்டியிருக்காரு."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் அந்தக் கறுப்புக் குஞ்சுகள் வளர்வதற்காகக் காத்திருந்தான். இன்னும் சில மாதம் கழித்து நடக்கப்போகும் ஒன்றுக்காக என் தம்பி காத்திருக்கிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. குஞ்சுகளில் சேவல்கள் கூவத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவற்றை அவன் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டான். பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டான். ஆக, அந்த நிறத்தை வெளியே கொண்டுவர மிஞ்சியிருந்தது அந்த ஒரே ஒரு சாம்பல் சேவல்தான்.

பெட்டைகள் முட்டையிடத் தயாரான சமயம். ராத்திரியெல்லாம் அடைமழை பெய்து கால்வாய் நிரம்பி ஓடியது. காலையில் நான் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். கூட்டுக்குள் ஒரு மூலையில் பெட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. இன்னொரு மூலையில் சுருண்டு கிடந்தது ஒரு மலைப்பாம்பு. நடு உடம்பில் பெரிய புடைப்பு. வாளியைப் போட்டுவிட்டு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

குணா ஓடிவந்தான். பெட்டைகளைப் பார்த்தான், பாம்பைப் பார்த்தான். சேவலைக் காணவில்லை.

பொம்பாவுக்குச் சொன்னோம். தீயணைப்புக்காரர்கள் வந்து, கொக்கிக் கம்பால் பாம்பின் கழுத்தை அழுத்தி, கோணிப்பைக்குள் தள்ளினார்கள். அது அசைய அசைய அந்தப் புடைப்பும் கூடவே அசைந்தது. குணா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பையைக் கட்டித் தூக்கியபோது ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. கல்யாணம் முறிந்தபோது அவன் அழவில்லை. பையோடு வந்து நின்றபோதும் அழவில்லை. வந்தவர்களில் இளைஞர் ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஒரு கோழிக்காக இப்படி அழுகிறானே என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்திலேயே, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார். "அழு மாப்ள, அழுதுரு" என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் மக்சிக் ரோகாயாவின் தலை தெரிந்தது. தனியாக வாழ்ந்த மலாய்க்கார அம்மா அவர், எங்களுக்கெல்லாம் மக்சிக், அதாவது அத்தை. காது கொஞ்சம் மந்தம். அத்தனை கலவரமும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

"குணா! ஆயாம் ஆவாக் அடா சினி!" என்றார். உன் கோழி இங்கேதான் இருக்கிறது என்று மலாயில் சொல்கிறார்.

எல்லோரும் வேலிக்கு ஓடினோம். அவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு துணிக்கூடை கவிழ்ந்திருந்தது, மேலே ஓர் அம்மிக் குழவி. கூடை ஓட்டை வழியாக அந்தச் சிவப்புக் கொண்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாம்பு வந்ததும் சேவல் கூரைத் தகர இடைவெளியில் பறந்து தப்பியிருக்கிறது. விடியற்காலையில் அது அவர் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. அவர் பிடித்து மூடி வைத்து, முந்தைய நாள் சோற்றைப் போட்டு, மழை விடட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பாம்பு விழுங்கியது கறுப்புப் பெட்டைகளில் மூத்தது ஒன்றை. பாவம், அதற்காக அந்த நேரத்தில் யாரும் வருத்தப்படவில்லை.

குணா சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அது அவன் சட்டையிலேயே எச்சம் போட்டது. அழுத முகத்தோடு அவன் சிரித்த சிரிப்பில் மக்சிக் பயந்துபோய், "சாக்கிட் கா?" என்று என்னிடம் கேட்டார். உடம்புக்கு ஏதாவதா என்று. இல்லை மக்சிக், இப்போதுதான் தேவலை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த முட்டைகளுக்கு அடை உட்கார எந்தப் பெட்டையும் தயாராக இல்லை. மகள் கோழிகள் முட்டையிட்டுவிட்டு எனக்கென்ன என்று போய்விட்டன. என் வீட்டுக்காரர் பாசாரிலிருந்து மீன் பெட்டி கொண்டுவந்தார். குணா அதில் பல்பு மாட்டி, பஞ்சை நனைத்து ஒரு கிண்ணத்தில் வைத்து, முட்டைகளை அடுக்கினான். சமையலறை மேசையில்தான் பெட்டி. சாம்பார் வாசனையோடு அந்தச் சூட்டு வாசனையும் கலந்தே இருக்கும். ஒரு நாள் என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டான். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் மேல் ஒரு முட்டையை வைத்துக் காட்டினான். உள்ளே சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கிற ஒரு கறுப்புப் புள்ளி. கோழிக்குப் பயந்தவள் அந்த முட்டையை அவனிடம் கேட்டு வாங்கி என் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

சாமி விளக்கு விஷயம் அந்த வாரத்தில்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஓடுகள் விரிசல் விட்டன. முதலில் வந்தது கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. குணா நகத்தைக் கடித்தான். என் வீட்டுக்காரர், "யூடியூப்காரன நம்பினா இப்படித்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். அடுத்த ஓட்டிலிருந்து ஒன்று ஈரத்தோடு உருண்டு விழுந்தது. பல்பு வெளிச்சத்தில் நிறம் பிடிபடவில்லை. முடி காயக் காயத்தான் தெரிந்தது: புகை படிந்த மஞ்சள், இறக்கை நுனியில் மங்கலான சாம்பல்.

"அக்கா, நான் சரியாத்தான் பாக்குறேனா? நீ சொல்லு."

"சாம்பல்டா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டா. உங்கப்பன் ஆணையா சாம்பல்."

"அவன் அப்பன் உனக்கும் அப்பன்தான்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அன்று மாலைக்குள் இன்னும் சில சாம்பல் குஞ்சுகள் வந்தன. குணா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். மறுநாள் தாடியை எடுத்தான்.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. குஞ்சு கேட்டு ஆட்கள் வந்தார்கள், அவர்களோடு அவன் பேசியாக வேண்டியிருந்தது. கூடு பற்றவைத்துத் தரச் சொல்லி ஒருவர் கேட்டார், அப்படியே வெல்டிங் பட்டறை வேலையும் அமைந்தது. இப்போது சிம்பாங் அம்பாட்டில் மண் தரையோடு ஒரு வீடு எடுத்திருக்கிறான். சாம்பல் கூட்டமே மேய்கிறது. தாத்தா சேவல் போன வருடம் வயதாகிச் செத்துப்போனது. எங்கள் பின்பக்கத்தில் சிமெண்டு போட்டு வாஷிங் மெஷினை வைத்துவிட்டோம். மக்சிக் மகள் வீட்டோடு சிரம்பானுக்குப் போய்விட்டார். வேலி இருந்த இடத்தில் சுவர் எழும்பிவிட்டது. எங்கள் வரிசையில் இப்போது கோழி கூவுவதில்லை, ஏர்கோன் சத்தம்தான்.

நேற்று சாயங்காலம் குணாவுக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்று வைத்துவிட்டுக் கங்கோங் கீரையை அலசப் போனேன். பாதிக் கீரையில்தான் உறைத்தது. ஒரு காலத்தில் அவன் ஒரு தடவை எடுக்காவிட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிடுவேன். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பேன். அந்தப் பயம் என்னை விட்டு எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.