ஹசிந்தாவின் நவம்பர்கள்

ஏழு வருடம் ஹசிந்தா ஒபான்டோவும் நானும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்தோம். மயாமியை ஒட்டிய ஸ்வீட்வாட்டரில், துணியைச் சரிசெய்து கொடுக்கும் சின்னக் கடை அது. எங்கள் நிகரகுவாக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. ஹசிந்தா கெட்டிக்காரி. ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பேச்சு மட்டும் குறைவு. நவம்பர் பிறந்தால் அதுவும் இருக்காது, சாப்பாடும் இறங்காது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாட்டு அரசாங்கத்தின் செயல்களை முன்னிட்டு அமெரிக்கா ஒரு தேசிய அவசரநிலையை அறிவித்திருந்தது. அதற்கு ஆயுள் ஒரு வருடம். ஒவ்வொரு நவம்பரிலும் கெடு முடிவதற்குள் ஜனாதிபதி அதை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்காமல் விட்டால் அதன் பேரில் போட்ட தடைகளும் விழுந்துவிடும், முடக்கிய சொத்துகள் அவரவர் கைக்குத் திரும்பிவிடும். தடைப்பட்டியலில் எத்தனையோ பெயர்கள் இருந்தன. ஹசிந்தாவுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்தான்: எவெர்த் உர்ரோஸ்.

ஊரில் இருந்தபோது போலீஸ்காரர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவள் அவள். உர்ரோஸ் அங்கே அதிகாரி. பதினொரு வருடம் அவனுக்கு அவள்தான் தையல்காரி. அவனுடைய இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். வெளியே தெரியாதபடி உள்ளே பஞ்சு வைத்து அவள் சமன்செய்து தருவாள். அரசாங்கத்தை எதிர்த்துக் கலவரம் வந்த வருடம், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவள் தங்கை நூபியா, அடிபட்டு வந்த பையன்களுக்கு ஒரு வீட்டின் பின்கட்டில் வைத்துக் கட்டுப்போட்டாள். மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹசிந்தா ஓடிப்போய் உர்ரோஸின் மேசைக்கு முன்னால் நின்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். தங்கை நாளைக்கு வந்துவிடுவாள், வீட்டுக்குப் போ என்றானாம். பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் கால்சட்டை ரெண்டும் ஆகிவிடுமா என்று கேட்டானாம். அவள் ராத்திரி பகலாகத் தைத்து வியாழக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நூபியா மூடிய பெட்டியில் வந்தாள். திறக்கக் கூடாது என்று உத்தரவு.

இதை என்னிடம் அவள் ஒரே ஒரு முறை சொன்னாள். அழவில்லை. இயந்திரத்தில் நூல் பாபினை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

பிறகு ஒரு ஜனவரியில் இலெயானா என்ற பெண் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல சென்ட் வாசம், ஊர்ப்பேச்சு. கையில் புதுக் கோட்டு ஒன்று. அக்கா புருஷனுக்கு வாங்கியது, அவர் இங்கே வர முடியாது, அளவெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறார் என்று ஒரு சீட்டை நீட்டினாள். ஹசிந்தா சீட்டை வாங்கிப் படித்தாள். இடது தோளில் ஒரு விரல்கடை பஞ்சு வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புதன்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். இலெயானா போனதும் சீட்டை என் முன்னால் வைத்து, இது உர்ரோஸின் தோள் என்றாள்.

நான் அப்போதே சொன்னேன், புதன்கிழமை வந்தால் அவள் முகத்தில் காறித்துப்பி அனுப்பிவிடு என்று.

"துப்பினா துடைச்சிட்டுப் போயிருவா, யமிலெத். எனக்கு அது பத்தாது."

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் அவள் செய்ததைப் பார்த்து நானே பயந்திருக்கிறேன். இலெயானாவின் துணிகளை மற்றவர்கள் தொட விடமாட்டாள். திரைச்சீலை தைக்க, மெத்தையுறை மாற்ற என்று அவள் வீட்டுக்கே போக ஆரம்பித்தாள். குளத்தைப் பார்த்த பெரிய வீடு. இலெயானா விதவை, பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வாழையிலையில் சோளமாவும் இறைச்சியும் கட்டி நாகதமால் வேகவைத்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இவளைப் பிடித்து உட்காரவைப்பாள். பிறந்தநாளுக்கு வெள்ளிச் சங்கிலி ஒன்று போட்டுவிட்டாள். ஹசிந்தா கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாளாம். வீடு யாருடையது என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காததால் இலெயானாவே ஒருநாள் வாய்விட்டாள்: வீடு அத்தானுடையது, தடை இருப்பதால் என் பெயரில் கிடக்கிறது, நான் வெறும் கையெழுத்துதான்.

சொன்ன வாய்க்கு சாட்சி கிடையாது. ஹசிந்தா பொறுத்தாள்.

உர்ரோஸ் யாரையும் நம்புகிறவன் அல்ல. கொழுந்தி நாளைக்கு வீட்டை அமுக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. பணம் முழுதும் அவன் கொடுத்தது, கேட்கும்போது அவனுக்கே எழுதிக் கொடுப்பேன் என்று அவளை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூலக் காகிதத்தையே தனக்கு அனுப்பச் சொன்னான். தபாலில் போடவும் பயணப் பெட்டியில் வைக்கவும் பயந்த இலெயானா அதை யாரிடம் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கோட்டு ஒன்று கொடுத்துவிட ஏற்பாடாகியிருந்தது. அதன் உள்துணியைப் பிரித்துக் காகிதத்தை வைத்துத் தைத்துத் தா, உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள்.

ஹசிந்தா கடைக்கதவைச் சாத்தினாள். காகிதத்தை மேசையில் விரித்து, என்னை விளக்கைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தாள். பிறகு உள்ளே வைத்து, கண்ணுக்குத் தெரியாத தையலாகப் போட்டாள். அவ்வளவு அழகான தையலை அவள் கையில்கூட நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் அந்தப் போட்டோக்களோடு, வீட்டை முடக்கச் சொல்லி வாஷிங்டனுக்கு மனு போயிற்று. ஆங்கிலத்தில் எழுதியது நான். கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

அக்டோபர் கடைசியில் ஸ்வீட்வாட்டர் முழுக்க ஒரு பேச்சு கிளம்பிற்று. இந்த வருடம் அவசரநிலையை நீட்டிக்கப் போவதில்லை, இரண்டு அரசாங்கமும் உள்ளுக்குள் பேசிக்கொண்டுவிட்டன, அமெரிக்கா திருப்பி அனுப்பும் ஆட்களை நிகரகுவாக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், பதிலுக்கு இவர்கள் தடையை எடுக்கிறார்கள் என்று. வறுவல் கடை வரிசையில் நின்ற ஆண்கள் பந்தயமே கட்டினார்கள். இலெயானாவும் அதைக் கேள்விப்பட்டு, இனி அத்தான் இங்கேயே வந்து இருக்கலாம் என்று பூரித்துப்போய் ஹசிந்தாவிடம் சொல்லிவிட்டு, புதுத் திரைச்சீலைக்கு அளவும் கொடுத்துப் போனாள்.

அந்த மூன்று வாரம் ஹசிந்தா காப்பியில் உயிர் வாழ்ந்தாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் வெட்டாமல் நிற்பாள். கெடுவுக்குச் சில நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், என் கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. நான் வாசிக்க வாசிக்க மொழிபெயர்த்துச் சொன்னேன். நிகரகுவா அரசின் செயல்கள் வழக்கத்துக்கு மாறான, அசாதாரணமான அச்சுறுத்தலாகத் தொடர்வதால், அவசரநிலை மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு என் டப்பாவை இழுத்து, சோறும் பீன்ஸும் வாழைக்காயும் ஒன்று விடாமல் தின்றுதீர்த்தாள்.

"ஒரு வருஷம் போதும்டி. ஒரு ஆளைப் புதைக்க அவ்வளவு நாள் எதுக்கு" என்றாள்.

பிப்ரவரியில் வீடு முடக்கப்பட்டது. இலெயானாவின் வங்கிக் கணக்கும் அதோடு நின்றது. விசாரணை, வக்கீல் என்று அவள் அலைந்தாள். கடைசியில் வேறு பேட்டையில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக் கூடத்தில் படுக்க இடம் கிடைத்தது. செய்தி பத்திரிகையில் வந்ததும் அங்கே ஊரில் உர்ரோஸின் மேலதிகாரிகளே அவன்மேல் பாய்ந்தார்கள். எதிரி நாட்டில் வீடு வாங்கியதற்காக அல்ல, தங்களுக்குத் தெரியாமல் வாங்கியதற்காக. ஏப்ரலில் பதவி போயிற்று. சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரவைத்து, வாசலில் காவலும் போட்டார்களாம்.

மே மாதத்தில் இலெயானா கடைக்கு வந்தாள். சாயம் போன கூந்தல், சென்ட் வாசம் இல்லை. அத்தான் ராப்பகலாகக் கூப்பிட்டுத் திட்டுகிறான், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்கிறான் என்று ஹசிந்தாவின் தோளில் சாய்ந்து அழுதாள். ஹசிந்தா அவளை நிமிர்த்தி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீ கொடுக்கல. நான் கொடுத்தேன்."

இலெயானாவுக்கு முதலில் விளங்கவில்லை. நூபியாவைப் பற்றி ஹசிந்தா நாலே வாக்கியத்தில் சொன்னாள். கடையில் இருந்த எல்லா இயந்திரமும் நின்றுவிட்டது.

"என் உப்பைத் தின்னியேடி, பாவி."

"தின்னேன். அவன் என் தங்கச்சியத் தின்னான்."

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"அவன் எப்படி வாங்கின வீடுன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே அதுல படுத்துத் தூங்கினே."

அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இலெயானா கைப்பேசியை எடுத்து அவன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு ஹசிந்தாவின் பக்கம் நீட்டினாள்.

"நீயே சொல்லு அவன்கிட்ட. என்மேல பழி வேண்டாம்."

ஹசிந்தா தன் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் சொன்னாள். வீட்டை முடக்கவைத்தது நான்தான், நூபியாவுக்காக என்றாள். எதிர்முனையில் உர்ரோஸின் குரல், கோபமேயில்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்டது:

"எந்த நூபியா?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு மட்டும் ஹசிந்தா தயாராகவில்லை.

"யோசிச்சுப் பாரு, கமாண்டர். இனி உனக்கு வேற வேலை இல்லையே."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இலெயானாவின் உள்ளங்கையில் வைத்தாள். இலெயானா சங்கிலியோடு எழுந்து போனாள். பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. ஏதோ ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறாள் என்று கேள்வி. அதை நான் சொன்னபோது ஹசிந்தா, உழைக்கட்டும் என்றாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வஞ்சம் தீர்ந்ததா என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்படித் தீரும்? யாருக்காக விழுந்தோம்னே அவனுக்குத் தெரியலையே."

அதிலிருந்து ஹசிந்தாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம் உர்ரோஸின் வீட்டுக்குப் போகிறது. உள்ளே நூபியாவின் படம் ஒன்று, அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். எந்த வருடம் பிறந்தாள், எந்தக் கையால் எழுதினாள், முதல் பிணத்தை அறுத்த அன்று என்ன சாப்பிட்டாள். ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை. போன மாதம் போனது பதினான்காவது. நூபியாவுக்குப் பாம்பைக் கண்டால் பயமே கிடையாது, பல்லியைக் கண்டால்தான் கட்டில்மேல் ஏறிவிடுவாள் என்று எழுதி, அடியில் ஹசிந்தா தன் பெயரைப் பெரிதாகப் போட்டு உறையை மூடினாள்.