பதினைந்து நிமிடத் தண்ணீர்

எங்கள் பேட்டரித் தொழிற்சாலையின் குழாய் ஃபிட்டருக்கு 'வெதுவெது' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான், அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. ஆசிட் தெறித்தால் கண் கழுவும் குழாயும், தலைக்கு மேல் கொட்டும் ஷவரும் அவர் பொறுப்பு. பத்து வினாடியில் எட்ட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே திறக்க வேண்டும், பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பாகக் கொட்ட வேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி உயிரை வாங்குவார்.

மேனேஜரோ குறுக்கு வழியில் தகரக் கூரைமேல் குழாயை ஓட்டிவிட்டார். எந்த வழியில் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்பது அவர் கட்சி. வெதுவெது வாதாடவில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் அவரை மரியாதையாக ஷவரடிக்கு அழைத்துவந்து, "கையை மட்டும் நீட்டுங்க சார்" என்றார். சார் நீட்டினார். அடுத்த வாரமே நிழலில் தனித் தொட்டி வந்தது. குழாயும் கூரையைவிட்டு இறங்கியது. தேங்கிய தண்ணீர் கெட்டுவிடும் என்று திங்கள்தோறும் வெதுவெது திறந்துவிட்டு, தன் முகத்தையே கொடுத்துச் சோதிப்பார். அவர் ஒழுங்காக முகம் கழுவுவது அன்றைக்குத்தான் என்பார் அவர் மனைவி. ஆசிட் கலக்கும் அறையில் வேலை செய்யும் அவர் எங்களுக்கெல்லாம் அக்கா.

ஒரு புதன்கிழமை, அக்கா பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நேரம் பார்த்து ஆசிட் தெறித்தது. கண்ணை மூடியபடியே எட்டு அடி நடந்து தட்டினார், தண்ணீர் கொட்டியது. ஓடிவந்த வெதுவெது மனைவியின் இமைகளை இரண்டு கையாலும் பிரித்துப் பிடித்துக்கொண்டு, என்னை மணி பார்க்கச் சொன்னார்.

இரண்டாவது நிமிடமே அக்கா போதும் என்றார். இவர் விடவில்லை. சரி என்று அக்கா பேச ஆரம்பித்தார். பேச்செடுத்தாலே நழுவிவிடும் புருஷன், பதினேழு வருடத்தில் முதல்முறையாக நகர முடியாமல் அகப்பட்டிருக்கிறார் அல்லவா? தங்கை கல்யாணத்தில் குறட்டை விட்டது, மாமியாரிடம் போட்டுக்கொடுத்தது, வீட்டுக் குழாய் ஆறு வருடமாக ஒழுகுவது, எல்லாம் வந்தது. வெதுவெது ம் கொட்டினார். இமையைப் பிடித்த கை மட்டும் விலகவில்லை.

பதினைந்து ஆனதும் சொன்னேன். கையை எடுத்தார். மூன்று விரலைக் காட்டினார்.

அக்கா சிவந்த கண்ணால் உற்றுப் பார்த்தார்.

"மூணு. நகம் வெட்டி எத்தனை நாளாச்சு உங்களுக்கு?"

வெதுவெது ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். ஆஸ்பத்திரி வண்டி வந்தபோதும் நிறுத்தவில்லை. அக்காதான் கையைப் பிடித்து அவரை ஏற்றினார்.