திரும்பிப் பார்க்காமல் வாங்கிய கார்

என் தாய்மாமாவுக்கு நத்தம் பக்கம் புளி வியாபாரம். மரத்தில் காய் இருக்கும்போதே தோப்பை மொத்தமாக விலை பேசி எடுத்துவிடுவார். தோப்புக்காரர் முன்னால் அவர் எந்த மரத்தையும் நல்லது என்று சொன்னதே கிடையாது. "இதெல்லாம் ஒரு காயா? பூராம் கோதும் கொட்டையுமால்ல இருக்கு" என்பார். பிறகு விறுவிறுவென்று நடையைக் கட்டுவார். திரும்பியே பார்க்க மாட்டார். வேலியைத் தாண்டுவதற்குள் தோப்புக்காரர், "அண்ணே, செத்த நில்லுங்கண்ணே" என்று பின்னாலேயே ஓடி வருவார். மாமாவின் தொழில் ரகசியம் மொத்தமே இவ்வளவுதான்.

நான் கார் வாங்கப்போகும் செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. நாங்கள் கிளம்புகிற அன்று காலை முதல் பஸ்ஸிலேயே திண்டுக்கல் வந்து இறங்கிவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் அந்தக் காருக்காக எத்தனை வருஷம் சீட்டுக் கட்டினேன், நத்தம் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே எத்தனை வருஷம் ஆபீஸ் போய் வந்தேன் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். போன வாரமே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். சிவப்புக் கார். இந்த மாதம் வந்தது அது ஒன்றுதான், அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும், யார் முதலில் பணம் கட்டுகிறார்களோ அவர்களுக்கு என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ராத்திரியெல்லாம் சிவப்பாகவே கனவு வந்தது.

மாமா காபியைக் குடித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். நான், என் வீட்டுக்காரர், அம்மா.

"நல்லாக் கேட்டுக்கங்க. அங்க போயி யாரும் பல்லக் காட்டக் கூடாது. வண்டியத் தொட்டுத் தடவக் கூடாது. வாசல்ல போர்டு கீர்டு வச்சிருந்தா ஏறிட்டே பாக்கக் கூடாது. நமக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா வெலைய ஏத்திப்புடுவாய்ங்க. நான் எந்திரிச்சா எல்லாரும் எந்திரிக்கணும். நடந்தா நடக்கணும். திரும்பிப் பாக்கவே கூடாது."

அம்மா மட்டும் தன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைபாஸ் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குள் நாலு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நுழைந்தோம். அங்கே இருந்த பெண் ஒட்டன்சத்திரம் பக்கம் போலிருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க சார், வீட்டுல ஏதாச்சும் துக்கங்களா?"

"இல்லங்க, கார் வாங்க வந்திருக்கோம்" என்றார் அவர், அதே துக்க முகத்தோடு.

மாமா வேலையை ஆரம்பித்தார். காரைச் சுற்றி வந்தார். டயரை எட்டி உதைத்தார். பானெட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். எனக்கு யாரோ என் மண்டையில் சுண்டியது போலிருந்தது.

"தகரம் மெலிசா இருக்கே தாயி."

"ஆமாங்கய்யா."

"செவப்பு சீக்கிரம் வெளுத்துப் போகுமே."

"இருக்குமுங்கய்யா."

"இம்புட்டு உசரத்துல சீட்டை வச்சா வயசானவுக எப்பிடி ஏறுவாக?"

இதற்கு அவள் பதில் சொல்வதற்குள் முட்டிவலிக்கார அம்மா பின்கதவைத் திறந்து சுலபமாக ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். மாமா அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி மேஜைக்குப் போனார். நாங்களும் போனோம்.

மாமா ஒரு விலை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். எனக்கும் மானம் மரியாதை இருக்கிறது. அந்த விலைக்கு நத்தத்தில் நல்ல கறவை மாடு கிடைக்கலாம். அந்தப் பெண் முகம் மாறாமல், "அந்த விலைக்கு வராதுங்களேய்யா" என்றாள்.

"அப்ப நாங்க கெளம்புறோம்."

"சரிங்கய்யா. பாத்துப் போங்க."

மாமா ஒரு நொடி ஆடிப்போனார். ஆனாலும் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததால் நாங்களும் எழுந்தோம். விறைப்பாக நடந்து வெளியே வந்து, ரோட்டோரம் சர்பத் வண்டி நின்ற வேப்பமரத்தடியில் போய் நின்றோம்.

"இப்பக் கூப்பிடுவா பாரு. கூப்பிடாட்டியும் கவலயில்ல. என் துண்ட நாற்காலியிலயே விட்டுட்டு வந்திருக்கேன். அதக் குடுக்குற சாக்குலயாவது ஓடி வரணும்" என்றார் மாமா.

"துண்டா? நீங்க மறந்துட்டீங்கன்னு நான் எடுத்துட்டு வந்துட்டேன் மாமா" என்று என் வீட்டுக்காரர் தன் தோளிலிருந்து எடுத்து நீட்டினார்.

மாமா அந்தத் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறென்ன செய்வார்!

யாரும் கூப்பிடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக என் வீட்டுக்காரர் நாலு நன்னாரி சர்பத் வாங்கி வந்தார். ஆளுக்கொன்று குடித்தோம். ஒன்று மிஞ்சியது. அது ஏன் மிஞ்சியது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவே அதையும் குடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என் காரைச் சுற்றி நின்றது. அந்த வீட்டுச் சின்னப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லோரும் வாயெல்லாம் பல்லாக இருந்தார்கள்! அந்தக் குழந்தையின் அம்மா பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். ஏனோ சட்டென்று விலகி, குழந்தையிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"மாமா, என் வண்டியப் பாக்குறாக மாமா! வாங்க போவோம்."

"மூச்! இப்பப் போனா நம்ம மதிப்பு என்னாகுறது?"

"வண்டியே போகுது, மதிப்ப வச்சு நான் நத்தம் போக முடியுமா?" என்று கத்தினேன். சர்பத்காரர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் "ஐயா! ஏனுங்கய்யா!" என்று குரல் கேட்டது. அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"திரும்பாதீக" என்று மாமா பல்லைக் கடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"உங்க அம்மாவ வண்டிக்குள்ளயே விட்டுட்டு வந்துட்டீங்க. நல்லாத் தூங்கறாங்க. வேற ஆளுங்க வண்டி பாக்கோணுங்கறாங்க. எழுப்ப எங்களுக்கு மனசு வரலைங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கூப்பிட்டாளா இல்லையா? நடங்க உள்ள."

அம்மா பின்சீட்டில் லேசான குறட்டையோடு சாய்ந்திருந்தாள். நான் நேராக மேஜைக்குப் போய், மாமா வாயைத் திறப்பதற்குள் முன்பணத்தைக் கட்டினேன். தள்ளுபடி கொடுத்தார்கள். கால்மிதிகளும் முன்னால் ஒட்ட ஒரு குட்டிப் பிள்ளையாரும் இனாம். வெளியே வரும்போது வாசல் போர்டை ஏறிட்டுப் பார்த்தேன். அதே தள்ளுபடி, அதே கால்மிதி, அதே பிள்ளையார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் குடும்பம் உள்ளே ஒரு வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப் பெண்ணின் முகம்தான் சுருங்கியிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியாக்கா? கூப்பிட வச்சேனா இல்லையா?"

"ஆமாடா அப்பு. நீதான் கூப்பிட வச்ச" என்றாள் அம்மா.

நான் அம்மாவின் காதோரம் குனிந்தேன். "ஏம்மா, அந்தச் சத்தத்துல உனக்கு எப்பிடித்தான் தூக்கம் வந்துச்சு?"

"யாரு தூங்குனா? அவன் துண்ட நாற்காலியில போட்டப்பவே தெரிஞ்சிருச்சு, கெளம்பப்போறான்னு. இன்னைக்கு நேத்தா பாக்குறேன் அவன? கூப்பிடாம வரவே மாட்டான். நானும் எறங்கி வந்துட்டா உன் வண்டி போயிருமேடி."

அம்மா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"வண்டி பாக்க வந்த அந்தப் புள்ளையோட அம்மா, மகராசி, எனக்குக் காத்து வரட்டும்னு கதவ லேசாத் தொறந்து வச்சுட்டு, பாவம் வயசானவுக, எழுப்பாதீகன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு தாயி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? கண்ணத் தொறக்காமயே அழுதேன்."