ஒரு முடிச்சுக்கு வேண்டிய விரல்கள்

கனடாவின் அஜக்ஸ் நகரில், எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் (நிலவறையில்), ஒரு காலை, கயிற்றை எடுத்து எட்டு வடிவ முடிச்சுப் போட முயன்றேன். விரல்கள் மடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே போடுகிற முடிச்சு அது.

நான் மலை வழிகாட்டி. கோடையில் மேற்கே ரொக்கி மலைகளில் குழுக்களை நடத்திச் செல்வேன். மற்ற மாதங்களில் பெற்றோருடன் இங்கே. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். ஆனாலும் பட்டத்தைவிட வழிகாட்டி லைசன்ஸில்தான் எனக்குப் பெருமை அதிகம். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். உடல்நிலை மாறினால் வழிகாட்டிகள் சங்கத்துக்கு அறிவிக்கவும் வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: ருமற்றொயிட் ஆத்திரைற்றிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்). முற்றாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்றார்.

"மலை?" என்று கேட்டேன்.

"முதலில் சட்டைப் பொத்தானைப் போடுங்கள். மலையைப் பிறகு பார்ப்போம்."

நோயை மறைத்து, பனியில் எனக்குக் கை விறைத்துவிட்டதாக அம்மா சொந்தக்காரரிடம் சொல்லிவைத்தார். மூன்று அன்ரிமார் கையுறை கொண்டுவந்தார்கள். எல்லாமே பெரிய அளவு. வீங்கிய விரல்களுக்கு அவைதான் பொருந்தின.

கிழமைக்கு ஒருமுறை மெதோட்ரெக்சேற் (எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து). அடுத்த நாள் முழுக்கக் குமட்டல். மெல்ல வீக்கம் வற்றியது. காலை இறுக்கம் (விழித்ததும் மூட்டுகள் அசைய மறுப்பது) மட்டும் போகவில்லை. மலையில் பிற்பகலில் இடிமழை வரும் என்பதால் இருட்டோடு புறப்படுவோம். என் கைகள் மிக மோசமாக இருப்பதும் அந்த நேரந்தான்.

லைசன்ஸைப் புதுப்பிக்கும் காலம் வந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாத," என்றார் அம்மா. "பின்னேரத்தில உன்ர கை நல்லாத்தானே கிடக்கு."

"விடிய விழுறவன் பின்னேரம் வரை காத்துக்கொண்டிருப்பானே, அம்மா?"

"உனக்கு வாய் மட்டும் இறுகேல்லை."

அறிவித்தேன். சங்கம் மறுபடி கயிற்றுச் சோதனைக்கு அழைத்தது. மலையில், காலையில். பிற்பகலுக்கு மாற்றித் தரும்படி நான் கேட்கவில்லை.

சோதனைக்கு வந்த குழுவில் எல்லோருக்கும் முன் எழுந்து, சுடுநீர்ப் போத்தலைக் கைகளில் அணைத்தபடி இருந்தேன். சோதிக்க வந்த பெண்மணி, செங்குத்தான சரிவில் ஒருவரைக் கயிற்றில் இறக்கச் சொன்னார். முடிச்சைப் போட்டேன், இழுத்து இறுக்க விரல்களில் பலமில்லை. பார்வைக்கு முடிச்சு சரியாகவே இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம்.

"இது இறுகவில்லை. இப்போது இவரை இறக்கமாட்டேன்," என்றேன்.

குழுவில் இன்னொருவரை அழைத்து இழுக்க வைத்தேன். ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் பார்த்தேன். பிறகுதான் இறக்கினேன்.

லைசன்ஸ் பறிபோகவில்லை. ஆனால் கயிறு தேவைப்படும் பாதைகளில் இனி இன்னொரு வழிகாட்டி கூட வரவேண்டும். அந்த நிபந்தனை எனக்கு வலித்தது.

"அப்ப அரை லைசன்ஸோ?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்.

"ஓம்."

"மற்றப் பாதிக்கு ஒரு மாப்பிளையைப் பாக்கட்டே?"

பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

காலையில் உங்கள் கையையும் நீங்கள் மடக்கிச் சோதித்துப் பார்ப்பவராக இருக்கலாம். எனக்கு இப்போது விடியல் இரண்டு முறை வருகிறது: முதலில் ஜன்னலில், பிறகு விரல்களில். இடைப்பட்ட நேரத்தோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டேன். வருகிற கோடைக்குக் குழுக்கள் பதிவாகிவிட்டன. முதல் நாளே அவர்களிடம் கைகளைக் காட்டிச் சொல்லப்போகிறேன்: இவை பிந்தித்தான் எழும்பும், அதுவரை கூடாரங்களை நீங்கள் மடியுங்கள், பாதையை நான் பார்க்கிறேன்.