சனிக்கிழமைக்கும் எழுதிய சூடு

ஆலையில் அவரை எல்லாரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றே வருஷம் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர், படிக்காமலே டிகிரி வாங்கிவிட்டார் என்று கேலி. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நெசவுக்கூடத்துத் தெர்மாமீட்டரைத் தினம் மூன்று தடவை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. முத்து முத்தான கையெழுத்து.

நூல் காய்ந்தால் அறுந்துவிடும் என்று கூடத்துக்குள் குழாய் வழியாக நீராவி விடுவார்கள். சூடு எண்பத்தைந்து ஃபாரன்ஹீட் டிகிரியைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது வெள்ளைக்கார அரசாங்கத்தின் சட்டம். தெர்மாமீட்டரை எங்கே மாட்டுவது என்று மட்டும் அதில் எழுத மறந்துவிட்டார்கள், புண்ணியவான்கள்! மேனேஜர் அதை முற்றத்துக் காற்று சிலுசிலுவென்று வரும் வாசலோரம் மாட்டினார். அங்கே அது எண்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை. தாண்டாததைத் தினமும் போய்ப் பார்ப்பானேன் என்று, டிகிரி திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவார்.

அவர் மனைவியின் தறி பன்னிரண்டாவது வரிசையில், குழாய்க்கு நேர் கீழே.

“நான் நிக்கிற இடத்துல ஒரே ஒரு நாள் அதை மாட்டிப் பாருங்களேன்” என்பாள்.

“மாட்டுனா மட்டும் உனக்குக் குளுந்துடுமா?” என்று சிரித்து மழுப்புவார்.

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அவளுக்கு இருமல் வந்தது, ரத்தமும் வந்தது. இனியும் அந்த ஆவியில் நின்றால் ஆறு மாசம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலையை விடவும் வழியில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் உழைத்தால்தான் ஆலை தந்த அந்த ஒற்றை அறையில் இருக்கலாம். தறியை மாற்றித் தரச் சொல்லி டிகிரி மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

“எல்லாரும் நிக்கிற இடம்தானே? உன் பொண்டாட்டி மட்டும் என்ன மகாராணியா?” என்றார் மேனேஜர்.

மிச்சமிருந்த வழி, அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வரும் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். அவர் வந்த புதன்கிழமை காலை, டிகிரி தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் மனைவியின் தறிக்கு மேலே மாட்டினார். தொண்ணூற்றாறு. “தினமும் இப்படித்தாங்க தொரை” என்றார். துரை அதை அண்ணாந்து பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் பார்த்தார். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. டிகிரிக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்போதுதான் துரை பதிவேட்டைக் கேட்டார்.

பாவி மனுஷன்! பழக்க தோஷத்தில் டிகிரி அந்தத் திங்கட்கிழமையும் வாரம் முழுவதற்கும் எழுதி வைத்திருந்தார். துரையின் விரல் புதனைத் தாண்டி, சனிக்கிழமையில் போய் நின்றது. கூட வந்த துபாஷி தமிழில் கேட்டார்:

“இன்னும் வராத சனிக்கிழமைக்குச் சூடு எழுதினவன் நீ. இன்னைக்கு நீ சொல்றதை மட்டும் எப்படிய்யா நம்புறது?”

“நான் இவனை நம்பி விட்டிருந்தேனே!” என்று மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார்.

குற்றம் பதிவேடு எழுதியவனுடையது என்று துரை எழுதிக்கொண்டு போனார். தெர்மாமீட்டர் வாசலுக்கே திரும்பியது. டிகிரியை மேனேஜர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கொதிகலன் அறைக்கு மாற்றினார். சங்கு ஊதியதும் நீராவிக் குழாயைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

“சனிக்கிழமைக்கு என்னதான் எழுதியிருந்தீங்க?”

“எண்பத்திரண்டு.”

“பரவாயில்ல, நல்ல காத்தோட்டமான நாளு” என்று சிரிக்கப் போனவள், சிரிக்க முடியாமல் இருமினாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

மறுநாள் அவள் தறிக்குப் போனாள். அவர் குழாயைத் திறந்தார். நான்கு மாசம் தினமும் திறந்தார். ஐந்தாவது மாசம் பன்னிரண்டாவது வரிசையில் வேறொருத்தி நின்றாள். அன்றும் சங்கு ஊதியது, டிகிரி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.