மனுவோடு வந்த மீன்

கள்ளக்குறிச்சி போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளின் மடியில் ஒரு மனுவும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பாட்டிலுக்குள் ஒரு கெண்டைக் குஞ்சு. நிறுத்தம் தோறும் மூடியைத் திறந்து அதற்குக் காற்று காட்டினார்.

ஊர் ஓடையைச் சுத்தம் செய்து, கரையில் மரம் நட நிதி கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறாராம்.

"மீன் எதுக்குங்க?" என்றேன்.

"மனு மட்டும் குடுத்தா மாசக்கணக்கா தூங்கும். இது சாவறதுக்குள்ள பதில் சொல்லியாவணும்ல?"

மாலை பஸ்ஸில் மறுபடி பார்த்தேன். மடியில் அதே மீன்.

"ஓடைலயே வுட்டுடும்மான்னாரு அதிகாரி. ஓடை பூரா குப்பை, எங்க வுடறதுன்னேன். சிரிச்சிக்கினே நிதிக்கு எழுதிட்டாருங்க. வேலை தொடங்கற வரைக்கும் இது எங்க வூட்டுத் தொட்டிலதான். லேட்டானா திரும்பக் கூட்டிக்கினு வருவேன்."

எத்தனையோ மனு எழுதியவன் நான். உயிருள்ள இணைப்பு ஒன்றுகூட வைத்ததில்லை.