சுவரோரத்தில் ஒரு விரல் இடம்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்று தூத்துக்குடியில் யார் வீட்டில் மரத்தளம் போட்டாலும் என் கடை வாசலில்தான் காரை நிறுத்துகிறார்கள். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஆணி அடிக்கிறான். மரவேலை ஞானம் அப்பாவிடமிருந்து வந்ததா என்று எவனாவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மரத்தில் செய்தது ஒரே ஒரு வேலை. அதிலும் ஓர் ஆசாரியின் பேரைக் கெடுத்தார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது. அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியை நடத்தும் தண்டல். கடலில் அவர் வைத்ததுதான் சட்டம், வீட்டிலும் அதே அதிகாரம். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக, மாடி அறையில் கிடந்த பழைய மாம்பலகைத் தளத்தின் மேலேயே தேக்குப் பலகை பாவுவதற்கு, பக்கத்து ஊரான ஏரலிலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார்.

ஆசாரி அவசரப்படாத ஆள். தேக்குப் பலகைகளை அறைக்குள்ளேயே பத்து நாள் அடுக்கிவைத்தார். "வீட்டுக் காத்து பழகட்டும்" என்றார். அதற்குள் பழைய தளத்தில் ஆடிய பலகைகளை ஆணியடித்து இறுக்கி, மேடுகளை இழைத்துச் சமமாக்கினார். பிறகுதான் தேக்கை அடித்தார். நாலு சுவரோரமும் ஒரு விரல் அகலம் இடம் விட்டார்.

அதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னவள் நான்தான்.

"ஏலே, என்ன இது? பலகை பத்தலையா?"

"மழைக்கு மரம் ஊதும் அண்ணாச்சி. ஊதுறதுக்கு இடம் வேணும்லா. மேல மரச்சட்டம் அடிச்சா வெளிய தெரியாது."

"எனக்கே பாடம் சொல்லுதியோ? என் தோணியில நூலளவு இடம் விட்டா கடலு உள்ள வந்து உக்காந்துக்கிடும்லே!"

"தோணி தண்ணியிலேயே கெடக்கு. இது வீடு அண்ணாச்சி."

அந்தப் பதில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆசாரி போன பிறகு, சுவரோரத்து இடைவெளி முழுக்கத் தேக்குச் சக்கைகளை ஆப்புபோல் அறைந்து இறுக்கினார். தோணிக்குச் செய்வதுபோல் மேலே பஞ்சும் குங்கிலியமும் திணித்துக் கலப்பத்து அடித்து அடைத்தார். ஒவ்வொரு சக்கையாக எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

மறுநாள் ஆசாரி பார்த்தார். "பிடுங்கிருங்க அண்ணாச்சி. என் பேருதான் கெட்டுப்போவும்" என்றார். அப்பா சிரித்தார்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பிடித்தது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் பார்த்தால், தளம் நடுவில் செத்த மீனின் வயிறுபோல் உப்பி நின்றது. மாடி பூட்டப்பட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அடம்பிடித்துத் திறக்கச் சொல்லி உள்ளே போனார். தடுக்கி விழுந்தார்.

விருந்துக்குப் புதுச்சட்டை போட்டு வந்திருந்த ஆசாரியை அப்பா பந்தியிலிருந்து எழுப்பினார்.

"உளி பிடிக்கத் தெரியாத பயலுக்கு ஆசாரின்னு பேரு! இனி இவனை எவனும் வாசப்படி ஏத்தாதீங்கடே!"

ஆசாரி வாயைத் திறந்தார். மாப்பிள்ளை வீட்டார் நடுவில் தலைகுனிந்திருந்த அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டு இறங்கிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

தப்புச் செய்தவர் என்பதால்தான் இறங்கிப்போகிறார் என்று அன்று நினைத்தேன். வாசல்வரை துரத்திப்போய், "வேலை தெரியாத ஆசாரி!" என்று கத்தினேன். திரும்பி வந்தவளை அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிரவே மாடிக்குப் போய், சுவரோரத்துச் சக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆசாரி மேலுள்ள கோபத்தில்தான் பிடுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.